நாலு போல்ட்டுல பச்சைப் பொட்டு

சாக்பீசுதாண்ணே. புள்ளைக பள்ளிக்கூடத்துல எழுதுற அதே சாக்பீசுதான், இதுல மந்திரம் ஒன்னுமில்ல. ஷாப்ட்டக் கழட்டுறதுக்கு முன்னாடி இந்தத் துண்டுல ஒரு கோடு, அந்தத் துண்டுல ஒரு கோடு. திரும்ப மாட்டுறப்ப கோடும் கோடும் சேரணும். அம்புட்டுத்தான் வித்தை. நீங்க கேட்டீங்க பாருங்க, அதுவே பெருசு. இங்க வண்டி விட வர்ற ஆளுக பூராவும் செல்லுக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டு "முடிஞ்சிருச்சா, முடிஞ்சிருச்சா"ன்னு கேக்குறதோட சரி.

இப்பிடி ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், கியர் ஆயில் சிந்திக் கெடக்கு. வத்தலக்குண்டுக்குப் போயிட்டு வேட்டியில ஆயிலோட எறங்குனா வீட்டுல என்னையத்தான் வைவாங்க.

உங்க வண்டியில ஒன்னும் பெருசா இல்லண்ணே. கிளட்ச்ச விடுறப்ப "டங்"குனு அடிவயித்துல ஒரு சத்தம் வருதுன்னீங்கள்ல, அது கிராஸ் போன சத்தம். எஞ்சின்ல இருந்து பின்சக்கரத்துக்குச் சுத்து போற நீளக் குழாய்தான் ஷாப்ட்டு. அதோட ரெண்டு முனையிலயும் கூட்டல்குறி மாதிரி ஒரு இரும்பு இருக்கும், அதுதான் கிராஸ். நம்ம மணிக்கட்டு மாதிரின்னு வச்சுக்கங்க. வண்டி குதிச்சாலும் வளைஞ்சாலும் அது மடங்கிக் குடுக்கும். உங்களுதுல கிரீசு வத்தி, முனைக் குப்பிக்குள்ள இருக்குற ஊசி பேரிங்கெல்லாம் துருப்பிடிச்சு செம்மண்ணாப் போச்சு. புதுசு ரெண்டு போட்டுட்டேன். மாட்டி முடுக்கணும், கியர் ஆயில் கொறையுது அத ஊத்தணும், முடிஞ்சுது.

எதுத்தாப்புல பாக்குறீங்க. பாருங்க, பாருங்க. எல்லாரும் பாக்குறதுதான். அங்க நாலு வண்டி நிக்குது, இங்க உங்க வண்டி ஒன்னு நிக்குது. அங்க எடமில்லேன்னுதான இங்க வந்தீங்க? சும்மா சொல்லுங்கண்ணே, நான் ஒன்னும் நெனைச்சுக்க மாட்டேன். கம்பத்துக்குள்ள நொழையுற வண்டியெல்லாம் மொதல்ல அந்தப் பக்கந்தான் இண்டிகேட்டர் போடுது.

அது யாரு கடைங்கிறீங்க? என் பொண்டாட்டியோட கூடப்பொறந்த தம்பி. தவசின்னு பேரு. பதினோரு வருசம் இந்த செட்டுலதான் கெடந்தான், இந்தா நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த ஸ்டூல்லதான் உக்காருவான்.

வேலைக்காரன்தாண்ணே. இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிப்போகும். படிப்பு எட்டாவது, அதுவும் பரீட்சைக்குப் போகல. ஆனா காது இருக்கு பாருங்க. கியர் கம்பி மேல கைய வச்சுக்கிட்டு நூறு அடி வண்டிய நகட்டிப் பாப்பான். "மாமா, பின்னாடி கிராஸ், எடது பக்கக் குப்பி கிரீசில்லாமக் காஞ்சிருக்கு"ம்பான். கழட்டிப் பாத்தா எடது பக்கக் குப்பி காஞ்சிருக்கும். எப்பிடிடா மாப்ளன்னு கேட்டா, "தெரியுதுல்ல"ம்பான். தெரியுதுல்லன்னா என்ன அர்த்தம்? எந்த புஸ்தகத்துல போட்டிருக்கு?

நான் அப்பிடி இல்ல. பகல் பூரா பட்டறையில பார்ட்சு கழுவிட்டு, சாயங்காலம் நைட் ஸ்கூல்ல போயி உக்காந்து பத்தாவது பாஸ் பண்ணேன். அதுக்கு மேல டிரேடு சர்ட்டிபிகேட்டு. அந்தா சொவத்துல லேமினேசன் பண்ணி மாட்டியிருக்கு பாருங்க, கரி படிஞ்சிருச்சு, நாளைக்குத் தொடைக்கணும். கம்பெனிக்காரன் போடுற சர்வீஸ் புஸ்தகம் இருக்குல்ல, இங்கிலீசுல, அத மொத பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்ச மெக்கானிக் இந்தப் பள்ளத்தாக்குல நான் ஒருத்தன்தான். அவன் காது, நான் கண்ணு. அப்பிடித்தான் ஓடுச்சு.

பொட்டு வைக்கிற வழக்கத்தக்கூட நான்தான் கொண்டாந்தேன். பாருங்க, போல்ட்ட முடுக்குனதும் அதுமேல ஒரு துளி பெயின்ட்டு. முடுக்கியாச்சுன்னு அடையாளம். எல்லாப் பட்டறையிலயும் உண்டு. ஆனா நான் என்ன செஞ்சேன், யாரு முடுக்குனா அவங்கவங்க கலருன்னு வச்சேன். எனக்கு மஞ்ச, அவனுக்குப் பச்ச. நாளைக்கே ஒரு தப்பு வந்துச்சுன்னா யாரு கைன்னு தெரியணும்ல? வேலையில ஒரு ஒழுங்கு வேணும்ல? தவசிகூடக் கேட்டான், "நம்ம ரெண்டு பேருக்குள்ள எதுக்கு மாமா கலரு"ன்னு. "மாப்ள, நாளைக்கு நீ தப்பு பண்ணிட்டு என்மேல போட்டுறக் கூடாதுல்ல"ன்னேன். சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

ஏன் பிரிஞ்சோம்னா? அது போன மாசியில நடந்த கூத்து.

ராயப்பன்பட்டியில வெரோணிக்கான்னு ஒரு அக்கா இருக்கு. ரோணிக்கக்கான்னு சொன்னாத்தான் தெரியும். சொந்தமா பிக்கப்பு வச்சு அதுவே ஓட்டும். பன்னீர் திராட்சை ஏத்திக்கிட்டு திருச்சி மார்க்கெட்டுக்குப் போயிட்டு விடிய திரும்பிரும். வாயி மட்டும் ஏர்ஹாரன். அது வண்டியிலயும் இதே சத்தந்தான், டங்கு டங்குன்னு. காலையில சாவியக் குடுத்துட்டு, "ஏப்பா வீரணா, சாயங்காலம் லோடு இருக்கு, வண்டி வேணும்"னு சொல்லிட்டுத் தூங்கப் போயிருச்சு. வீரணன்கிறது நான்தான்.

தவசி அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் வெளி வேலை. சின்னமனூர்ல ஒரு டிராக்டர் படுத்துக்கிச்சு. சரி, கிராஸ் மாத்துறதுக்கு எனக்கென்ன அவன் வேணுமா? நானே எறங்கிட்டேன். சாக்பீசுல கோடு போட்டேன். போட்டேண்ணே, போடலேன்னு எவனும் சொல்ல முடியாது. ஷாப்ட்டக் கழட்டுனேன். பழைய கிராசத் தட்டி எடுத்தேன். அந்த ஷாப்ட்டு ரெண்டு துண்டு, ஒன்னுக்குள்ள ஒன்னு பல்லு பல்லா சொருகியிருக்கும். பிரிச்சா உள்ளுக்க ஒரே அழுக்கு. எனக்கு அழுக்கோட மாட்டுனா பிடிக்காது. தவசி அப்பிடியே துணியில தொடச்சு மாட்டிருவான். நான் டீசல்ல முக்கி, பிரஷ் போட்டு, கண்ணாடி மாதிரி கழுவிட்டேன்.

ஆமாண்ணே. கோடும் போயிருச்சு.

சிரிங்க, சிரிங்க. சுத்தம் பாத்தவனுக்கு வந்த வெனை. இந்த ரெண்டு துண்டு முனையிலயும் கவட்டை மாதிரி இருக்கு பாருங்க, இதும் அதும் ஒரே நேருக்கு நிக்கணும். ஒரு பல்லு, ரெண்டு பல்லு தள்ளிச் சொருகிட்டோம்னு வைங்க, ஊருக்குள்ள ஓட்டுறப்ப ஒன்னும் தெரியாது. அம்பதைத் தாண்டுனா வண்டி நடுங்கும். பெருசா இல்ல, காய்ச்சக்காரன் மாதிரி லேசா. நான் கண்ணால பாத்து நேராத்தான் சொருகுனேன். எனக்கு நேராத்தான் தெரிஞ்சுச்சு. நாலு போல்ட்ட முடுக்கி, மஞ்சப் பொட்டு வச்சு, கியர் ஆயில் ஊத்தி, சாயங்காலம் சாவியக் குடுத்துட்டேன்.

மறுநாளு வந்துச்சு ரோணிக்கக்கா. "என்னப்பா வண்டி உதறுது? திண்டுக்கல்லு தாண்டி நாலுவழிச் சாலையில ஏறுனதும் ஸ்டியரிங்கப் பிடிக்கவா, என் பல்லப் பிடிக்கவான்னு தெரியல. திருச்சியில பெட்டியப் பிரிச்சா பழமெல்லாம் உதுந்து அடியில கெடக்கு, மேல வெறுங் காம்பு நிக்குது. கமிசன் கடைக்காரன் கோலிக்குண்டு விக்க வந்தியான்னு கேக்குறான்."

பன்னீர் திராட்சைக்குத் தோலு மெல்லிசு, காம்பு அதவிட மெல்லிசு. நடுக்கத்துக்கு நிக்காது. அது எனக்கும் தெரியும். ஆனா எடுத்த எடுப்புலயே நம்ம வேலையச் சந்தேகப்பட முடியுமா? "பழம் மிஞ்சிப் பழுத்திருக்கும்க்கா"ன்னேன்.

"இருவது வருசமா திராட்சை ஏத்துறேன். எந்தப் பழம் எப்ப உதிரும்னு நீ எனக்குச் சொல்றியா?"

"அப்ப டயரா இருக்கும். போயி வீல் பேலன்சு பாருங்க."

பட்டறைக்குள்ள ஒரு லாரிக்கு அடியில இருந்து தவசி தலைய நீட்டி, "மாமா, நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வரவா"ன்னான். ஒன் வேலையப் பாரு மாப்ளன்னேன். ஒரு வேலைய ரெண்டு பேரு பாக்கக் கூடாது, அது நம்ம ஒழுங்கு.

டயர் கடைக்காரன் அந்த அக்காவப் பிடிச்சு நாலு சக்கரத்தையும் பேலன்சு பண்ணி அனுப்பிட்டான். அடுத்த நாளு மறுபடி வந்துச்சு. தவசி வீட்டுக்குச் சாப்புடப் போயிருந்தான். நான் அடியில போயி படுத்துப் பாத்தேன். போல்ட்டெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. கியர்பாக்சு பக்கவாட்டு மூடியத் திறந்து வெரலவிட்டுப் பாத்தேன், ஆயில் வெரல்ல ஒட்டுது. இருந்தாலும் வந்ததுக்கு இன்னுங் கொஞ்சம் ஊத்தி விட்டேன். ஊத்துனா யாருக்கும் கெட்டுப்போகாது. ஆயில் கூடிப்போயி திருச்சி வரைக்கும் சொட்டுப் போட்டுக்கிட்டே போச்சுன்னு அப்பறம் சொன்னாங்க, சொல்லுவாங்க.

போல்ட்ட சரி பாத்தா மறுபடி பொட்டு வைக்கணும்ல? நம்ம வழக்கமாச்சே. மஞ்ச டப்பா காஞ்சு போயி கெடந்துச்சு. கைக்குப் பச்ச டப்பா கெடச்சுச்சு. பழைய பொட்டு மேலயே தொட்டு வச்சுட்டேன். நாலு போல்ட்டுலயும்.

ம்? இந்த டப்பாவா? இது மஞ்சதான். இத வாங்கி... ரெண்டு வருசம் இருக்கும்ணே. காயலதான், இப்ப காயல. தின்னர் ஊத்துனா எளகிரும்ல. நீங்க என்ன வக்கீலா?

மூணாந் தடவ வந்த ரோணிக்கக்கா ஒரு பெட்டியத் தூக்கிட்டு வந்து, இந்தா இந்த மேசை மேல கவுத்துச்சு. அம்புட்டும் உதிரிப் பழம். ஸ்பேனருக்கு நடுவுல, நட்டுக்கு நடுவுல, தரையெல்லாம் உருளுது. "ஒங்க பட்டறைக்குப் படையல். ஆளுக்குக் கொஞ்சம் தின்னுங்க. நாளைக்கும் இப்பிடித்தான்னா எனக்கு லோடு குடுக்க மாட்டேன்னுட்டான் தோட்டக்காரன். இருவது வருசப் பழக்கம்யா, ஒரே வாரத்துல கையக் கழுவிட்டான்"னுச்சு.

தவசி எந்திரிச்சு வந்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சாவிய வாங்கிட்டு பைபாஸ்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்தான். எறங்கும்போதே "கவட்டை கோணலா இருக்கு மாமா, ரெண்டு பல்லு தள்ளிருச்சு"ன்னான். அடியில போயி பாக்கவே இல்லண்ணே. சீட்டுல உக்காந்தே ரெண்டு பல்லுங்கிறான். எம்புட்டுத் திமிரு.

ரோணிக்கக்கா பிடிச்சுக்கிச்சு. "யாருய்யா மாட்டுனது? ரெண்டு பேருல யாரு?" அதுக்கும் எங்க கலரு கணக்கு தெரியும். பத்து வருசமா வர்ற வண்டி. குனிஞ்சு டார்ச்சடிச்சுப் பாத்துச்சு. "பச்சை. தவசி, நீயா? ஒங்கிட்ட இருந்து இத எதிர்பாக்கலப்பா."

தவசி மல்லாக்கப் படுத்து உள்ள போனான். நகத்த வச்சு ஒரு போல்ட்டுல இருந்த பச்சையச் சொரண்டுனான். அடியில என்ன கலரு இருந்துச்சோ, நான் நின்ன எடத்துல இருந்து எனக்குத் தெரியல. அங்கேயே படுத்துக்கிட்டு தலைய மட்டும் திருப்பி என்னையப் பாத்தான்.

நான் ஒன்னும் சொல்லலண்ணே. அதத்தான் சொல்றேன். அவன்தான் மாட்டுனான்னு நான் சொன்னேனா? இல்ல. நான் மாட்டலேன்னு சொன்னேனா? அதுவும் இல்ல. ஒரு பொய்யி என் வாயில இருந்து வரல. சும்மா நின்னேன். நிக்கிறது ஒரு குத்தமா?

எந்திரிச்சு வந்து கையத் தொடச்சுக்கிட்டு, "தப்புத்தான்க்கா. அரை மணி நேரத்துல சரி பண்ணித் தர்றேன். தோட்டக்காரர்கிட்ட நானே வந்து பேசுறேன்"னான். சரி பண்ணான். சாயங்காலம் அது கூடவே போயி தோட்டக்காரன்கிட்ட, "வண்டியில குத்தமில்ல, அக்காகிட்டயும் குத்தமில்ல, வேலை பாத்தது நான்"னு சொல்லி லோட மீட்டுக் குடுத்திருக்கான். மறுநாளு காலையில அவன் டூல் பாக்சத் தூக்கிட்டு ரோட்டத் தாண்டிட்டான். "வர்றேன் மாமா"ன்னான். அம்புட்டுத்தான். சண்டையா போட்டான்? சண்டை போட்டிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன், அவனும் ரெண்டு சொல்லியிருப்பான், ஒரு டீயோட முடிஞ்சிருக்கும். வாயத் தொறக்காமப் போனா என்ன செய்யிறது? அழுத்தக்காரப் பய.

இப்ப அந்த ரோணிக்கக்கா என்ன செஞ்சுச்சு தெரியுமா? அவன் கடைக்கு மட்டுந்தான் போகுது. ஊரெல்லாம் சொல்லிவிட்டிருக்கு, "இந்த ரோட்டுல தப்புன்னு ஒத்துக்கிட்ட ஒரே மெக்கானிக் தவசிதான், நம்பி விடலாம்"னு. திராட்சை வண்டி பூராவும் அங்கதான். அந்தா நிக்குதே நாலு, அதுல மூணு ராயப்பன்பட்டி வண்டி. எப்பிடி இருக்கு நியாயம்? என் தப்ப ஒத்துக்கிட்டு அவன் பேரு வாங்கிட்டான்.

அதாவது... யாரு தப்போ. அத விடுங்க. ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

இதுல கூத்து என்னன்னா, எங்க வீட்டுல அது தம்பி மேலதான் கோவமா இருக்கு. பவுனுத்தாயின்னு பேரு, பவுனு பவுனும்போம். "தப்பையும் பண்ணிட்டு ரோசம் வேற வந்திருச்சாக்கும். பதினோரு வருசம் சோறு போட்ட மாமன விட்டுட்டு எதுத்தாப்புலயே கடை போடுறான்"னு ஒரே பேச்சு. ஒரு தடவ நேருல போயி கேட்டுருக்கு. "தனியா செஞ்சு பாக்கலாம்னு தோணுச்சுக்கா"ன்னானாம். கூடப்பொறந்த அக்காகிட்டகூட நடந்தத சொல்லலண்ணே! சொல்லியிருந்தா அது வந்து என்னைய நாலு கேள்வி கேட்டிருக்கும், ரெண்டு நாளு சோறு கிடைச்சிருக்காது, மூணாம் நாளு எல்லாம் சரியாப் போயிருக்கும். அவன் சொல்லாததுனாலதான இம்புட்டும்? யோசிச்சுப் பாத்தா முழுக் காரணமும் அவன்தான்.

என் பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம். இலக்கியான்னு பேரு, நான் வச்ச பேரு. மாப்பிள போடி. தாய்மாமன் மால எடுத்துக் குடுக்காம எங்க பக்கம் பொண்ணு மணவறை ஏறாது. சின்னதுல இருந்து அவன் தோளுலயே கெடந்த புள்ள. இப்ப பவுனு சொல்லிருச்சு, "அவன் வர வேணாம், நான் போயி கெஞ்ச மாட்டேன். எங்க பெரியப்பா மகன் சடையாண்டி நிக்கட்டும்"னு. சடையாண்டி யாருன்னு பொண்ணுக்கே தெரியாது. தாராபுரத்துல என்னமோ கோழித் தீவனம் விக்கிறான். பத்திரிகையில தாய்மாமன்னு அவன் பேரு. பொண்ணு ரெண்டு நாளா சாப்பாட்டுத் தட்ட வச்சுக்கிட்டு வெரலால கோலம் போடுது. "அப்பா, நீங்க சொன்னா அம்மா கேக்கும்"ங்குது. நான் என்ன சொல்றது?

என்னது? நெசத்தச் சொல்லிற வேண்டியதுதானங்கிறீங்க. ஏண்ணே, உங்க பொண்டாட்டிகிட்ட நீங்க எல்லாத்தையும் சொல்றீங்களாக்கும். நீங்க சொல்றது சுலபம், கிராஸ் மாத்தி வாங்கிட்டு வத்தலக்குண்டுக்குப் போயிருவீங்க. நான் இங்க இருக்கணும். சொல்லலாம். சொல்ல மாட்டேன்னா இருக்கேன்? அதுக்கு ஒரு நேரம் வரணும்ல. கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு, இப்பப் போயி "பவுனு, அது பச்சை இல்ல மஞ்ச"ன்னா, இருபத்திநாலு வருசத்துல நான் செஞ்சது செய்யாதது பூராவும் வரிசையா எறங்கி வரும். கல்யாணம் முடியட்டும். முடிஞ்சதும் சாவகாசமா உக்காத்தி வச்சு சொல்லிறலாம்.

ஆமா, முடிஞ்ச பெறகு தாய்மாமன் எதுக்குங்கிறீங்க. அதுவும் ஒரு கேள்விதான்.

இந்தாங்க, டார்ச்ச இப்பிடிப் பிடிங்க. கோடும் கோடும் சேந்திருச்சா பாருங்க. ஒரு மயிரிழை தப்பல. போல்ட்டு நாலுல ரெண்டு போட்டாச்சு, இன்னும் ரெண்டு...

"ஏங்க! ஏங்க, இங்க வாங்க!"

வீட்டுல அதுதான். பின்னாடியே வீடு.

"அச்சாபீசுக்காரரு வந்து நிக்கிறாரு! தாய்மாமன் எடத்துல சடையாண்டி அண்ணன் பேரப் போட்டுக் கொண்டாந்திருக்காரு. எழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு நீங்க ஒரு தடவ படிச்சுச் சொல்லிருங்க, இப்பவே மெசின்ல ஏத்தணுமாம்!"

பாத்தீங்களா, படிச்சவன் ஒருத்தன் வீட்டுல இருந்தா இதுதான். எல்லாத்துக்கும் நான்தான் போகணும். நீங்க வண்டிய எடுத்துறாதீங்கண்ணே, ரெண்டு போல்ட்டு பாக்கி. கியர் ஆயிலும் ஊத்தல. அந்தப் பக்கமும் பாக்காதீங்க, அவன் பாட்டுக்கு வேலை பாக்குறான், பாக்கட்டும்.

இல்லண்ணே, கைய விடுங்க, பவுனுகிட்ட இப்பவே சொல்லிருங்கன்னு நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. போனாத்தான ஆகும். போன தடவ எங்க வகையில ஒரு பத்திரிகையில "நல்லாசி"ய "நல்லாச்சி"ன்னு போட்டு ஊரே சிரிச்சுச்சு. மெசின்ல ஏறிருச்சுன்னா அப்பறம் ஒன்னும் பண்ண முடியாது.

இந்தா வந்துட்டேன் பவுனு! செவப்புப் பேனாவ எடுத்து வையி!